தலப்பாக்காரன் குதித்த கிணறு

அப்பா ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கிணற்றில் குதித்தார். காலை பத்து மணியிலிருந்து பதினொன்று வரை, ஆஸ்பத்திரியின் ஏழாவது மாடியில், நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. மீதி இருபத்து மூன்று மணி நேரமும் கட்டிலில் அசையாமல் கிடந்தார்.

எடுத்த எடுப்பில் இப்படிச் சொன்னால் யாருக்கும் புரியாது. முதலிலிருந்தே சொல்கிறேன். ஆனால் ஒன்று, நடுவில் யாரும் எனக்கு ஆறுதல் சொல்லக் கூடாது. ஆறுதல் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

அப்பா பெயர் தனபால். வயது எழுபத்தொன்று. கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு கம்பெனியில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. நான் மூத்தவள், ஹர்ஷினி. எனக்குக் கீழே தம்பி ப்ரணவ், ஓசூரில் இருக்கிறான். கார்த்திகை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அப்பா குளியலறையில் விழுந்தார். மூளையில் ரத்தக்குழாய் அடைத்து, மூச்சுக்குக்கூட மெஷின் தேவைப்பட்டது. கண் திறந்திருக்கும், யாரையும் பார்க்காது. நாம் பேசுவதைப் புரிந்துகொள்ளும் பகுதியும் போய்விட்டது, எழுதிக் காட்டினாலும் ஏறாது என்றார் டாக்டர் ரியாஸ். தேறுவாரா என்று கேட்டதற்கு, நூறு பேரில் பத்துப் பேர் தேறுகிறார்கள், யார் அந்தப் பத்துப் பேர் என்று சொல்ல முடியாது என்றார்.

அப்புறம்தான் ஜன்னல் வைத்தார்கள். ஜன்னல் என்பது ஆஸ்பத்திரிக்காரர்கள் வைத்த செல்லப் பெயர். கை அசைவுக்கான இடத்தில் அரிசி அளவு தகடு ஒன்று, பார்வைக்கான இடத்தில் இன்னொன்று. முதலாவது, அவர் கை செய்ய நினைப்பதை வெளியே சொல்லும். இரண்டாவது, நாம் காட்டும் படத்தை உள்ளே காட்டும். அவ்வளவுதான். கேள்வி கேட்கவோ பதில் வாங்கவோ அதில் வழி கிடையாது. மூளை களைத்துப்போகும் என்பதால் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் திறப்பார்கள்.

முதல் வாரம் அதில் ஒன்றுமே வரவில்லை. பிறகு ஒரு நாள் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, உங்கள் அப்பா ஏதாவது வாத்தியம் வாசிப்பாரா என்று கேட்டார். இரண்டு கட்டைவிரல்களும் எதையோ தாளம் தப்பாமல் அழுத்த நினைக்கின்றனவாம். இடது விரல் ஒரு பக்கமாகவே அழுத்திக்கொண்டு இருக்கிறது, வலது விரல் அவ்வப்போது தட்டுகிறது.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அப்பாவின் டிவி கேம்.

அது ஒரு பழைய பஞ்சாங்கம். சின்ன வயதில் அவர் அப்பா வாங்கிக் கொடுத்தது. மஞ்சள் நிறத்தில் ஒரு கேசட், மேலே ஆயிரம் கேம் என்று போட்டிருக்கும், உள்ளே நாற்பதுதான் இருக்கும். அதில் ஒன்றை மட்டும்தான் அவர் எப்போதும் ஆடுவார். சிவப்புத் தலைப்பாகை கட்டிய குட்டி மனிதன் கையில் தடியோடு வலது பக்கமாக ஓடிக்கொண்டே இருப்பான். பெயர் ஏதோ சீன எழுத்தில் இருந்ததால் அப்பாவும் அவர் கூட்டாளிகளும் தாங்களாகவே தலப்பாக்காரன் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு உட்கார்ந்தாரென்றால் மூன்று மணி நேரம் எழுந்திருக்க மாட்டார். நானும் ப்ரணவும் அந்தப் பக்கமே போக மாட்டோம். அந்தச் சத்தமே தலைவலி.

பத்து வயதில் ஒரு தடவை என்னை இழுத்து உட்காரவைத்தார். எட்டே வினாடி. எதிரே ஒரு ஆமையோ பன்றியோ வந்தது, நான் செத்துப்போனேன். என் வாழ்க்கையில் அதுவரை எந்த விளையாட்டிலும் நான் செத்ததில்லை. எங்கள் விளையாட்டுகள் எங்களை அறியும். என் பெயர் தெரியும், எனக்கு என்ன பயம் என்று தெரியும், நான் கொஞ்சம் திணறினால் எதிரி தானாகவே தடுக்கி விழுவான். இந்தச் சனியனோ என்னைப் பார்க்கவே இல்லை. நான் யார், சின்னப் பெண்ணா, அழுகிறேனா, எதுவும் அதற்குத் தெரியாது. அதே இடத்தில் அதே மாதிரி கொல்லும். கையிலிருந்ததைத் தூக்கி எறிந்துவிட்டு எழுந்து ஓடினேன். செத்துச் செத்துத்தான் கண்ணு பழகோணும் என்று அப்பா பின்னாலேயே சொல்லிச் சிரித்தார். இதென்ன கொடுமை, இதற்குப் பெயர் விளையாட்டா என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். அதன்பிறகு தொட்டதில்லை.

என் வேலையையும் சொல்லியாக வேண்டும். நான் விளையாட்டுக் கம்பெனியில் ஆட்டக் கண்காணிப்பாளர். விளையாடுபவர் எங்கே தடுமாறுகிறார், எங்கே மனம் நோகிறார் என்று பார்த்து, அந்த இடத்தை மிருதுவாக்குவது என் வேலை. திரையின் மூலையில் ஒரு எண் இருக்கும். ஒவ்வொரு தடுமாற்றத்துக்கும் ஒன்று ஏறும், மனம் அமைதியானால் இறங்கும். ஒருவர் தெரிந்தே ஒரே இடத்தில் மூன்று தடவை விழுந்தால், அது விளையாட்டுப் பிரச்சினை அல்ல, மனதுப் பிரச்சினை. உடனே வீட்டுக்கு ஃபோன் போகும். இப்படி நான் நிறையப் பேரைக் காப்பாற்றியிருக்கிறேன், பெருமைக்குச் சொல்லவில்லை. எங்கள் தொழிலில் முதல் பாடமே இதுதான்: விளையாட்டைப் பார்க்காதே, ஆடுபவரைப் பார். நாங்கள் எந்த விளையாட்டையும் ஆடிப் பார்க்க மாட்டோம். ஆடினால் நம் ஆசை அதில் கலந்துவிடும் என்பார்கள்.

படிச்சவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்.

நான்தான் வீட்டிலிருந்து கேசட்டை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு நாள் அவர்களாகவே இணைத்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் எங்களைக் கூப்பிட்டார்கள். ப்ரணவ் ஓசூரிலிருந்து விடியற்காலையிலேயே கிளம்பி வந்துவிட்டான்.

கட்டிலுக்கு மேலே ஒரு திரை. கீழே அப்பா, தேங்காய் எண்ணெய் தடவி வாரிய தலை, கண் திறந்தபடி. கை இரண்டும் போர்வைக்கு மேலே, சுருண்டு, ஒரு நரம்புகூட அசையாமல். மேலே தலப்பாக்காரன் ஓடிக்கொண்டிருந்தான்.

ப்ரணவ் தேம்பித் தேம்பி அழுதான். எனக்கோ உடம்பெல்லாம் புல்லரித்தது, ஆனால் சந்தோஷத்தில் இல்லை. இரண்டு விரல் உயரமுள்ள அந்தக் கட்டம் கட்டமான உருவத்துக்குள் அப்பா இருந்தார். பாம்பைத் தாண்டினார், பாறையைத் தாண்டினார். பிறகு ஒரு கிணற்று மேட்டுக்கு வந்து நின்றார். அந்த உருவத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. கொஞ்ச நேரம் எதுவும் அழுத்தாவிட்டால் திரும்பி நம்மைப் பார்த்து நின்று, காலைத் தரையில் தட்டும். முகத்தில் கண்ணென்று இரண்டே புள்ளி. அந்த இரண்டு புள்ளியும் என்னைப் பார்த்தன. பிறகு திரும்பி, கிணற்றுக்குள் குதித்தார்.

விழும்போது பாதியில் மஞ்சளாக ஏதோ மின்னி, டிணிங் என்று ஒரு சத்தம் வந்தது. திரை கறுத்தது. கறுப்புக்கு நடுவில் தலைப்பாகை கட்டிய சின்னத் தலை, பக்கத்தில் ஓர் எண். ஐந்து.

திரும்ப அதே காட்டின் ஆரம்பம். பாம்பு, பாறை, கிணற்று மேடு. குதித்தார். ஆறு.

மறுபடியும். ஏழு.

இரண்டு நாள் சோதனையில் நான்கு தடவை விழுந்திருப்பார் போல என்று நான் கணக்குப் போட்டேன். பக்கத்தில் இருந்த டெக்னீசியனிடம் கேட்டேன், ஆமாம் மேடம், முன்னாடியும் ஓரிரு தடவை விழுந்தார் என்றாள். அவளுக்கு இருபத்தாறு வயது இருக்கும். டாக்டருக்கு முப்பத்தெட்டு. அந்த அறையில் அந்த விளையாட்டை எட்டு வினாடிக்கு மேல் ஆடியவர் என்று யாருமே இல்லை, அப்பாவைத் தவிர.

ஒவ்வொரு நாளும் முந்தைய நாள் விட்ட இடத்திலிருந்தே திறப்பார்கள். இருபது, முப்பத்திரண்டு, நாற்பத்து நான்கு. எண் ஏறிக்கொண்டே போனது. கிணற்றைத் தாண்டிப் போக இடம் இருந்தது, தாண்டும் அளவுக்கு அவருக்குத் திறமையும் இருந்தது. பாறையிலிருந்து பாறைக்கு ஒரு தடவைகூடப் பிசகாமல் தாவுபவர், இந்தச் சின்னக் கிணற்றுக்குள் நேராக வந்து விழுகிறார். தெரிந்தேதான் விழுகிறார். அடுத்தடுத்து வந்து விழுகிறார். மேட்டில் ஏறும் அவசரத்தைப் பார்க்கும்போது எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்படி ஒரு மனிதர், பேச வாயில்லாமல், அழக் கண்ணீரில்லாமல், தெரிந்த ஒரே பாஷையில் எங்களிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். வேறு எப்படி நினைப்பேன்?

பேச முடியாதவர்களுக்கென்று ஒரு விருப்பச் சட்டம் வந்திருக்கிறது. ஜன்னல் வழியாக ஒரே செயலை ஒன்பது நாள் மாறாமல் செய்தால் அதை அவருடைய விருப்பமாக எடுத்துக்கொள்ளலாம். அது என்ன விருப்பம் என்று ஒரு நிபுணர் எழுதித் தர வேண்டும், பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். நான் மகள் என்பதால் நிபுணராக எழுதக் கூடாது. என் ஆபீஸில் அடுத்த நாற்காலியில் இருப்பவள் எழுதினாள். வாசகம் பூராவும் என்னுடையது. ஒரே இடம், தெரிந்தே வீழ்தல், ஏறும் எண், இது முடிவை வேண்டும் மனம்.

ப்ரணவ் மட்டும் மறுத்துக்கொண்டே இருந்தான். அவனுக்குக் காரணம் எதுவும் சொல்லத் தெரியவில்லை. அப்பா அப்படிப்பட்டவர் இல்லைக்கா என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அப்பா மேல் எனக்கு மட்டும் பாசம் இல்லையா என்று சண்டை போட்டேன். ஆஸ்பத்திரி கேன்டீனில், காபி ஆறிப்போய்க் கிடக்க, நான் அவனிடம் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது.

"எழுபத்தெட்டுத் தடவை கேட்டுட்டாருடா. இன்னும் எத்தனை தடவை கேக்கணும் உன்கிட்ட?"

அவன் கையெழுத்துப் போட்டான்.

புதன்கிழமை எண் தொண்ணூற்றொன்பதைத் தொட்டது. அதற்குப் பிறகு அப்பா குதிக்கவில்லை. அன்றைக்கு மிச்சமிருந்த நேரம் முழுக்கத் தலப்பாக்காரன் கிணற்று மேட்டில் நின்று, எங்களைப் பார்த்துக் காலைத் தட்டிக்கொண்டிருந்தான். களைப்பு, ஓய்வெடுக்கிறார் என்றார் டாக்டர்.

மெஷினை நிறுத்துவதற்குக் குறித்திருந்தது வியாழன் காலை. ஜன்னலைத் திறந்தே வைக்கச் சொல்லிக் கேட்டிருந்தேன். பத்து மணிக்குத் திறந்ததும் அப்பா, நேற்று நின்ற மேட்டிலிருந்தே, ஒரே தாவலில் கிணற்றைத் தாண்டினார்.

ப்ரணவ் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, தாண்டிட்டாரு. இன்னிக்கு விழலை. வேண்டாம்க்கா, நிறுத்திடலாம்."

பாருங்கள், தெரியாதவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தவளுக்குத்தான் தெரியவில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? முடிவெடுத்தவர்கள் கடைசியில் இப்படித்தான் அமைதியாகிவிடுவார்கள், எங்கள் தொழிலில் இதுதான் முக்கியமான அடையாளம் என்று அவனுக்குப் பாடம் நடத்தினேன். டாக்டரும் தலையாட்டினார். ப்ரணவ் கையை விட்டுவிட்டான். பதினெட்டு நிமிடம் கழித்து மெஷினை நிறுத்தினார்கள்.

மூச்சு நின்ற பிறகும் மூளை கொஞ்ச நேரம் இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். தலப்பாக்காரன் ஓடிக்கொண்டே இருந்தான். கிணற்றுக்கு அப்பால் காடு முடிந்து ஒரு கறுப்புக் கோட்டை வந்தது. அங்கே மேலிருந்து ஈட்டி விழுந்தது, கீழே நெருப்பு. நுழைந்த கையோடு செத்தார். திரை கறுத்தது. தொண்ணூற்றெட்டு. மறுபடி நுழைந்தார். தொண்ணூற்றேழு. தொண்ணூற்றாறு. ஒவ்வொரு தடவையும் முன்பைவிட இரண்டடி கூடுதலாகப் போய்ச் செத்தார். கட்டிலில் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. மேலே அவர் நிற்காமல் நுழைந்துகொண்டே இருந்தார். எழுபது. அறுபத்தெட்டு. எண் இறங்குது பாருடா, மனசு அடங்குது, ஒவ்வொண்ணா விடுறாரு என்று ப்ரணவின் காதில் நான் சொன்னேன். நன்றி சொல்வது போலக்கூட எனக்குத் தோன்றியது.

அறுபத்தொன்றில் தலப்பாக்காரன் கோட்டை வாசலில் நின்றான். திரும்பி எங்களைப் பார்த்துக் காலைத் தட்டினான். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு டாக்டர் ஜன்னலை மூடினார்.

பதினாறாம் நாள் கருமாதிக்கு மண்டபம் பிடித்திருந்தோம். இப்போதெல்லாம் ஜன்னல் வைத்துப் போனவர்களுடைய கடைசிப் பதிவை ஆஸ்பத்திரியே தொகுத்துக் கொடுத்துவிடுகிறது. பந்தி முடிந்ததும் பெரிய திரையில் போட்டு எல்லோரும் உட்கார்ந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது. நாங்களும் போட்டோம்.

முன்வரிசைகளில் என் வயதுக்காரர்கள், சித்தப்பா பிள்ளைகள், ஆபீஸ் ஆட்கள். இரண்டாவது குதியிலேயே விசும்பல் கிளம்பிவிட்டது. பத்தாவதில் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அறிக்கை எழுதிக் கொடுத்த என் ஆபீஸ்காரி எழுந்து வெளியே போனாள். நானும் அழுதேன், ஆனால் ஒருவித நிம்மதியோடு அழுதேன். எங்களிடம் நியாயம் இருந்தது, அதை ஊரே பார்க்கிறது.

அப்போது பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது.

கடைசி வரிசையில் அப்பாவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பூபதி மாமா, பொள்ளாச்சியிலிருந்து வந்தவர், தேங்காய் மண்டி வைத்திருந்தவர். வார்டுக்குள் பிள்ளைகளைத் தவிர யாரையும் விடாததால் அவர்கள் யாரும் ஆஸ்பத்திரிக்கு வந்ததில்லை. நான்கு பேர் முகத்திலும் சிரிப்பு. நாற்காலி நுனிக்கு வந்து, ஒருத்தர் தொடையை ஒருத்தர் தட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூபதி மாமாவின் இரண்டு கட்டைவிரலும் காற்றில் அழுத்திக்கொண்டிருந்தன.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இழவு வீட்டில் சிரிக்கிற ஜென்மங்களை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று நேராகப் போனேன். வாயைத் திறப்பதற்கு முன்னால் அவர் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டார்.

"அம்மிணி, உங்கொப்பன் லைஃப் ஏத்தறான் பாரு! மறக்கவே இல்ல பாத்தியா, கள்ளன்!"

என்ன ஏத்துகிறார் என்று கேட்டேன்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். கிணற்றுக்குள் பாதியில் ஒரு பொற்கலசம் தொங்குகிறதாம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, குதித்தால்தான் உண்டு. அதைத் தொட்டால் இரண்டு உயிர் கிடைக்கும், கீழே விழுந்தால் ஒன்று போகும். ஆக ஒரு குதிக்கு ஒரு உயிர் லாபம். "அந்தக் கருப்புக் கோட்டை இருக்குது பாரு, அதுக்குள்ள மூணு உயிர வெச்சுட்டு எவனும் தாண்ட முடியாது. தொண்ணூத்தொம்பது ஏத்திக்கிட்டுத்தான் உள்ள போகோணும். அதுக்கு மேல ஏறாது. பரிச்ச லீவு முச்சூடும் எங்குளுக்கு இதுதான் வேல கண்ணு. அந்தக் கோட்டைய எங்க செட்டுல தாண்டுனவன் உங்கொப்பன் ஒருத்தன்தான்."

திரையில் அப்பா கிணற்றைத் தாண்டினார். கிழவர்கள் நான்கு பேரும் கை தட்டினார்கள். முன்வரிசைகள் திரும்பிப் பார்த்து முறைத்தன. ஒரே படம்தான் ஓடியது. முன்னால் பாதி மண்டபம் ஒரு சாவைப் பார்த்து அழுதது, பின்னால் நான்கு பேர் ஒரு சண்டையைப் பார்த்துக் குஷியாக இருந்தார்கள். நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். கோட்டை வந்தது. இடது ஓரமாப் போடா, ஈட்டி விழுந்தப்பறம் தாவு என்று பூபதி மாமா முணுமுணுத்தார். தொண்ணூறு, எண்பது. ஒவ்வொரு சாவுக்கும் அடடா, பரவால்ல, இன்னும் கெடக்குது என்றார்கள். எழுபது. அறுபத்தைந்து. அறுபத்தொன்று. தலப்பாக்காரன் வாசலில் நின்று காலைத் தட்டினான். படம் முடிந்தது.

"ஏன் நின்னுட்டான்? இன்னும் அறுபத்தொண்ணு கெடக்குதே" என்றார் அவர், என் பக்கம் திரும்பி.

என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. பிள்ளைகள் கையெழுத்துப் போட்டுத்தான் மெஷினை நிறுத்தினோம் என்பது ஊருக்கே தெரியும். எதை வைத்துப் போட்டோம் என்பது அவருக்கு அந்த நொடியில்தான் தெரிந்தது. நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இல்ல கண்ணு," என்றார். "இது வேற கேமாட்ட இருக்குது. எங்குளுக்கும் வயசாயிருச்சு, எது எதுன்னு நெனப்பில்ல. ஏனுங் மோகன், அந்தக் கேமுல கெணறே கெடையாதுங்களே?"

கிடையாது, கிடையாது என்றார் மோகன். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். நான்கு கிழவர்கள் என் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துப் பொய் சொன்னார்கள். அந்தப் பொய்க்காக அவர்கள் காலில் விழலாம் போலிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த கேசட்டை எடுத்து, அப்பாவின் டிவி கேம் பெட்டியில் சொருகி, அவர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். வாழ்க்கையில் இரண்டாவது தடவை. தொடங்கும்போது திரை கறுத்து, சின்னத் தலை ஒன்று வந்தது. பக்கத்தில் மூன்று என்ற எண். ஓடினேன். பன்றிதான் அது, ஆமை இல்லை. முட்டியது. செத்தேன். திரை கறுத்தது. சின்னத் தலை. பக்கத்தில் இரண்டு.

அது விழுந்த கணக்கு இல்லை. மிச்சம் இருக்கிற கணக்கு.

கிணறு வரைக்கும்கூடப் போக வேண்டியிருக்கவில்லை. எட்டு வினாடி போதும். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து கண்ணீர் விட்டேனே, அதில் எட்டு வினாடி நானே கையில் எடுத்து ஆடிப் பார்த்திருந்தால் அப்பா இன்றைக்கு இருந்திருப்பார். தேறியிருப்பாரா தெரியாது. ஆனால் தேறுவதற்குத்தான் அவர் சேர்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அவர் சாகக் காத்திருக்கவில்லை. கோட்டைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். எனக்குப் பைத்தியம் பிடிக்காதது ஆச்சரியம்தான்.

இரண்டு நாள் கழித்து ப்ரணவ் ஃபோன் செய்தான். மண்டபத்தில் அந்தப் பெரியவர்கள் என்னிடம் என்ன சொன்னார்கள் என்று கேட்டான். அவர்களுக்கு வயதாகிவிட்டது, வேறு ஏதோ விளையாட்டு என்று நினைத்துக் குழப்பிக்கொண்டார்கள் என்றேன். நாம செஞ்சது சரிதானேக்கா என்றான். சரிதான்டா என்றேன். அன்றைக்குத்தான் பல நாளுக்குப் பிறகு தூங்கினானாம், அவன் பெண்டாட்டி எனக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். போகட்டும், நான் ஒருத்தி சுமந்தால் போதும் என்று இருந்துவிட்டேன்.

அடுத்த வாரம் டாக்டர் ரியாஸ் கூப்பிட்டார். குரலில் மரியாதை. எட்டாவது மாடியில் ஓர் அம்மாள், வயது அறுபத்தொன்பது, அவரும் பழைய விளையாட்டு ஒன்றுதான் ஆடுகிறார். வேறு விளையாட்டு. ஆனால் திரும்பத் திரும்ப ஒரு நெருப்புக்குள் போய் விழுகிறாராம், இன்றோடு எட்டாம் நாள். உங்கள் அப்பாவுக்கு எழுதிய அறிக்கையையே மாதிரியாக எடுத்துக்கொண்டிருக்கிறோம், இன்னும் மூன்று ஆஸ்பத்திரிகளுக்கும் அனுப்பியிருக்கிறோம், அந்த அம்மாளின் மகன் உங்களோடு ஒரு வார்த்தை பேசினால் தைரியமாகக் கையெழுத்துப் போடுவார் என்றார்.

அந்த அம்மாள் எதற்கு நெருப்பில் விழுகிறாரோ எனக்குத் தெரியாது. நிஜமாகவே போக ஆசைப்படுகிறாரோ என்னவோ. ஆனால் அது எனக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். யாரும் கையெழுத்துப் போடக் கூடாது, நாளைக் காலை நான் வருகிறேன், கூடவே பொள்ளாச்சியிலிருந்து ஒருவரைக் கூட்டி வருகிறேன், அந்த அறிக்கை தப்பு, அதை எழுத வைத்தவள் நான்தான், எழுதிக் கொடுக்கவும் தயார் என்றேன். உங்கள் தம்பியையும் விசாரிப்பார்களே என்றார் டாக்டர். ஆமாம், விசாரிப்பார்கள் என்றேன்.

பூபதி மாமாவிடம் சொல்வது சுலபமாக இருந்தது. எத்தனை மணிக்கு வரோணும் என்பதைத் தவிர அவர் எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஓசூருக்கு ஃபோன் போட ஒரு மணி நேரம் பிடித்தது. ப்ரணவ் எடுத்தான். பின்னால் குழந்தை எதையோ கேட்டு அடம்பிடித்துக்கொண்டிருந்தது. உட்காரச் சொன்னேன். உட்கார்ந்துவிட்டேன் என்றான்.

"அன்னிக்கு உன்கிட்டப் பொய் சொன்னேன்டா. அவங்க கொழம்பலை. அப்பா குதிச்சது சாகறதுக்கு இல்ல. ஒவ்வொரு தடவை குதிக்கும்போதும் ஒரு உயிரு சேத்திக்கிட்டிருந்தாரு."

குழந்தையின் சத்தம் தூரமாகப் போனது. அறைக் கதவைச் சாத்தியிருப்பான். அவன் அழுவான், கத்துவான், என்னை ஏசுவான் என்று காத்திருந்தேன். ஏசினால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப கடைசில ஒரு நம்பர் நின்னுச்சே," என்றான். "அது மிச்சமாக்கா?"

"ஆமா."

"எவ்ளோ?"

அவனும் என் பக்கத்தில் நின்று பார்த்தவன்தான். அவனுக்கு ஞாபகம் இல்லாமல் இருக்காது. இருந்தாலும் என் வாயால் கேட்க வேண்டும் என்று நினைத்தான்.

"அறுபத்தொண்ணு."

நாங்கள் இரண்டு பேருமே ஃபோனை வைக்கவில்லை.